வளர்மதி பாஸ்வேர்டை மாற்றிய வருடம்

1

போன வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். இந்த வேலைக்கு வந்து பத்து வருடம் முடிந்ததாம். கேக்கின் மேல் என் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. பத்து வருடத்தில் இதற்குக்கூடப் பழகாவிட்டால் எப்படி என்று அந்த எழுத்தையும் சேர்த்தே சாப்பிட்டேன். அதற்குள் எங்கள் மேலாளர் அம்மாள் எழுந்து, இணையவழியில் படிக்கும் மாணவர்களுக்கு ஊக்கம் குறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று பாலா ஐந்து நிமிடம் பேசுவார் என அறிவித்துவிட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். இப்போது எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம். அதையும் பேரையூர் பக்கத்தில் இருக்கிற என் தங்கை வளர்மதிதான் எனக்குப் புரிய வைத்தாள். ஐந்து நிமிடத்தில், ஆங்கிலத்தில், பாதியைத்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஆக்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பிரிவில் எனக்கு வேலை. காலையில் கணினியைத் திறந்தால் மாணவர் பெயர்கள் வரிசையாக வரும். ஒழுங்காகப் பாடம் பார்க்கிறவர் பெயருக்கு எதிரே பச்சைப் புள்ளி. ஐந்து நாள் எட்டிப் பார்க்காவிட்டால் மஞ்சள். பத்து நாள் தாண்டினால் சிவப்பு. சிவப்புக்காரர்களுக்குப் போன் போட்டு, "கியா ஓரா, நான் பாலா பேசுகிறேன், நலமா, பாடத்துக்குத் திரும்பி வருகிறீர்களா?" என்று கேட்பதுதான் என் உத்தியோகம். 'கியா ஓரா' என்பது இந்த ஊர் வணக்கம்.

வேலை கிடைத்த புதிதில் அம்மாவிடம் இதை விளக்கினேன்.

"படிக்காத பிள்ளைகளப் போன்ல வையிறதுக்கா சம்பளம் குடுக்கிறாக?" என்று கேட்டார்.

"வையக் கூடாதும்மா. அதான் வேலையே" என்றேன்.

"வையாம எப்பிடிடா படிக்கும்?" என்றார்.

வையக் கூடாது என்பதோடு நிற்கவில்லை. இங்கே கேட்கக் கூடாதவையும் உண்டு. சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு சிவப்புப் பெண்ணிடம், நம் வழக்கப்படி பேச்சை வளர்க்க, "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டுவிட்டேன். நம்மூரில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூடக் கேட்கிற கேள்வி. மறுநாள் புகார் வந்தது. மாணவரின் தனிவாழ்வில் தலையிடாமை பற்றி எனக்கு ஒரு பயிற்சி வீடியோ ஒதுக்கினார்கள். இரண்டு மணி நேரம் ஓடுகிற வீடியோ. ஒலியை அமுக்கி ஓடவிட்டுவிட்டு டீ போட்டேன், போனில் நாலு பேரிடம் பேசினேன். நடுநடுவே 'இன்னும் இருக்கிறீர்களா?' என்று ஒரு கட்டம் வந்து நிற்கும். போய் அமுக்கிவிட்டு வருவேன். கடைசியில் சான்றிதழ் வந்தது. வெட்கமாக இருந்தாலும் இதை ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் நான் யார் மேல் கோபப்பட்டேன் என்பதைப் படிக்கும்போது உங்களுக்கு இது நினைவிருக்க வேண்டும்.

2

வளர்மதி எனக்குப் பதினாலு வயது இளையவள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர். நான் நாகமலை புதுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கி எம்.எஸ்ஸி. படித்தபோது அவள் எட்டு வயதுப் பிள்ளை. ஒரு நாள் அப்பாவோடு என்னைப் பார்க்க வந்தவள், பல்கலைக்கழக நூலகத்து வாசலில் நின்றுகொண்டு, "இம்புட்டு புஸ்தகத்தையும் நீயா படிக்கணும்?" என்று பாவமாகக் கேட்டாள்.

அந்தப் பட்டத்தை எடைபோட இந்த நாட்டு அலுவலகம் ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டது. எல்லாத் தாள்களையும் வாங்கி வைத்துக்கொண்டு, கடைசியில், நீங்கள் ஆங்கிலத்தில்தான் படித்தீர்கள் என்பதற்குச் சான்று வேண்டும் என்று ஒரு கடிதம். எழுதியது ஆங்கிலத்தில், புரிந்துகொண்டது தமிழில் என்று பதில் போடலாமா என யோசித்தேன். ஆனால் ஒன்று. அந்தத் தாள் கையில் இருந்ததால்தான் கடிதமாவது வந்தது. அது இல்லாதவர்களுக்கு இங்கேயும் கடிதம் வருவதில்லை, அங்கேயும் வருவதில்லை.

வளர்மதிக்கு அந்தத் தாள் கிடைக்காமல் போனதில் எனக்குப் பங்கு உண்டு. அவள் ப்ளஸ் டூ முடித்த வருடம் நான் இங்கே வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு கையிலும் பைகளோடு நிற்கிறேன். அப்பா போனில், "பையன் சொந்தத்துல. லோடு வண்டி வச்சிருக்கான். கெட்ட பழக்கம் கிடையாது. நீ என்ன சொல்ற?" என்றார்.

"நீங்க பாத்தா சரியாத்தான்ப்பா இருக்கும்" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பி.எஸ்ஸி. கணக்குக்கு அவள் விண்ணப்பம் வாங்கி, பூர்த்தி செய்து, பையில் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதா, கேட்கவில்லை என்பதா? கேட்கவில்லை. மாப்பிள்ளை முத்துப்பாண்டி தங்கமான மனிதர். அதற்காக என் குற்றம் குறைந்துவிடாது.

வளர்மதி இப்போது கப்பலூரில் ரப்பர் வாசர் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அச்சிலிருந்து வருகிற வாசர்களைப் பார்த்து நல்லது, கெட்டது பிரிக்கிற தரப் பரிசோதனை வேலை. காலையில் கம்பெனி வேன் கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் வேலையை விட்டுப் போனபோது முதலாளி இவளைக் கூப்பிட்டு, "வேலை உனக்குத் தெரியும்மா. ஆனா ஆடிட்டுக்கு வாரவங்க டிகிரியக் கேப்பாங்க. மூணு வருஷம் நானே சமாளிச்சுக்கிறேன். அதுக்குள்ள பேப்பரோட வா" என்றாராம்.

மறுநாள் வேனிலிருந்து எனக்குப் போன் வந்தது. அங்கே காலை ஏழு, இங்கே என் மதியச் சாப்பாட்டு நேரம்.

"அண்ணே, நான் ஆன்லைன்ல டிகிரி சேந்துட்டேன்."

"சேரப் போறியா?"

"சேந்துட்டேன். உன்கிட்டக் கேட்டா யோசிப்ப."

சாப்பாட்டு அறையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் சத்தம் போட்டுவிட்டேன்.

3

இனி என் பெருமையைக் கேளுங்கள்.

முன்பின் தெரியாத ஆயிரம் பேரைப் படிக்க வைத்தவன் சொந்தத் தங்கையைச் சும்மா விடுவேனா? முதல் வாரமே அவளுடைய பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கினேன். அவளுடைய படிப்புத் தளத்திலும் இதே பச்சை, மஞ்சள், சிவப்புதான். உலகம் முழுக்க ஒரே வண்ண டப்பா போலிருக்கிறது. ஒரு கால அட்டவணை தயாரித்து அனுப்பினேன். வாரத்துக்கு ஏழு நாள், நாளுக்கு ஆறு கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம். அதில் அவள் சமைக்கிற நேரத்துக்குக் கட்டம் இல்லை. அதைச் சுட்டிக்காட்டியது என் மனைவி.

எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. இணையவழியில் படிக்கிறவர் தாமே இலக்கு வைக்க வேண்டும், தாமே தம்மைக் கவனிக்க வேண்டும், தாமே திருத்திக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கும். வாத்தியார் எதிரே இல்லை, மணி அடிக்கிறவர் இல்லை, பக்கத்து பெஞ்சுக்காரர் இல்லை. அதனால் உள்ளேயிருந்து ஒருவர் எழுந்து உட்கார வேண்டும் என்பது அதன் சாரம். பத்து வருடமாக அதைப் பார்த்துக்கொண்டேதான் டீ குடிக்கிறேன். தங்கை விஷயத்தில் 'தாமே' என்ற சொல்லை மட்டும் மறந்துவிட்டேன். ஊருக்குத்தான் உபதேசம்.

முதல் செமஸ்டர் நன்றாகவே போனது. எல்லாவற்றிலும் தேறினாள். இரண்டாம் செமஸ்டரில் கம்பெனிக்கு ஆர்டர் கூடி ஓவர்டைம் வந்தது. திரையில் மஞ்சள் தட்டத் தொடங்கியது. தினமும் மதியம் போன் போட்டேன்.

"என்ன வளரு, ரெண்டாவது யூனிட் மஞ்சளா இருக்கு?"

"நேத்து ஓவர்டைம்ண்ணே."

"ஓவர்டைம்னா அரை மணி நேரங்கூடவா கிடைக்காது?"

"பாக்குறேன்ணே."

"பாக்குறேன்னா? இன்னைக்கா, நாளைக்கா?"

வேனில் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவே அவள் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. முன்பின் தெரியாத மாணவரிடம் இந்தக் குரலில் பேசியிருந்தால் இன்னொரு பயிற்சி வீடியோ வந்திருக்கும்.

பிறகு ஒரு வாரத்திலிருந்து எல்லாம் பச்சையானது. ஒன்று விடாமல் பச்சை. யூனிட் யூனிட்டாக, பாடம் பாடமாக, வயல் மாதிரி. காலையில் பச்சை, மதியம் பச்சை. நான் பூரித்துப்போனேன். எங்கள் பக்கத்துத் தமிழர்கள் தீபாவளிக்கு ஒரு மண்டபத்தில் கூடினபோது, தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு வீட்டையும் பார்த்துக்கொண்டு என் தங்கை எப்படிப் படிக்கிறாள் தெரியுமா என்று ஆளாளுக்குச் சொன்னேன். போனை எடுத்துத் திரையையே காட்டினேன். "இதெல்லாம் தொடர்ந்து பின்னாலே நின்றால் நடக்கும்" என்று அறிவுரையும் சொன்னேன். இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

4

முடிவு வந்தது. இரண்டு தாளில் அரியர். அதில் ஒன்று புள்ளியியல். கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்த பெண்ணுக்கு. அவள் சேர்ந்த படிப்பில் அரியரை அடுத்த வருடத்துக்குள் முடிக்காவிட்டால் மூன்றாம் ஆண்டுக்குப் போக முடியாது. மூன்றாம் ஆண்டு தள்ளிப்போனால் முதலாளி கொடுத்த கெடு தாண்டிவிடும்.

அவ்வளவு பச்சைக்கு இப்படி மதிப்பெண் வருமா? திருத்தியதில் கோளாறு என்று முடிவுகட்டி, மறுமதிப்பீட்டுக்கு மனு எழுத உட்கார்ந்தேன். அத்தாட்சிக்காக அவளுடைய பக்கத்தைத் திறந்து, எந்தப் பாடத்தை எப்போது பார்த்தாள் என்ற பட்டியலை எடுத்தேன். என் மகன் கதிர் பின்னால் வந்து நின்றான். பத்தொன்பது வயது, அவனும் தன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இணையவழியில்தான் படிக்கிறான். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற வயது. அன்று அதிசயமாகத் தமிழில் பேசினான்.

"அப்பா, அத்தை காலைல பத்து மணிக்கு எங்க இருப்பாங்க?"

"கம்பெனில."

"அப்ப யார் வீடியோ பாக்குறாங்க?"

பார்த்தேன். பத்து மணி. பதினொன்று. பன்னிரண்டு. மதியம் இரண்டு. எல்லாம் அவள் வாசர்களோடு நிற்கிற நேரம். ஒரு செவ்வாய்க்கிழமை ஒரே சமயத்தில் நாலாம் பாடமும் ஏழாம் பாடமும் ஓடியிருக்கின்றன. ஊரிலுள்ளவர்கள் பாடம் பார்க்கிறார்களா என்று கவனிக்கச் சம்பளம் வாங்குகிறவன் நான். நிறத்தைப் பார்த்தேனே தவிர நேரத்தைப் பார்க்கவில்லை.

கோபம் தலைக்கு ஏறியது. போன் போட்டேன். எடுத்த மாப்பிள்ளையிடம், அவள் கம்பெனியில் இருக்கும்போது வீடியோவை ஓட விட்டது யார் என்று கேட்டேன்.

"மச்சான், தப்பு எம்மேலதான். அவள ஒண்ணும் சொல்லாதீக."

"என்ன மாப்ள நடந்துச்சு?"

"ஓவர்டைம் முடிஞ்சு வாரப்பவே பொழுது போயிருது. சோத்தத் தின்னுட்டுப் போனத் தொறந்தா ஒக்காந்தபடியே தூங்கிருவா. விடிஞ்சா நீங்க போனப் போட்டு ஏன் மஞ்சளா இருக்குன்னு கேப்பீக. வேன்ல அம்புட்டுப் பேருக்கு முன்னாடி அவ மொகம் சுண்டிப்போகுது மச்சான். அதான், பரிட்சையப் பெறகு பாத்துக்குவோம், மொதல்ல மச்சானுக்குப் பச்சை தெரியட்டும்னு நாங்க முறை வச்சுக்கிட்டோம்."

"முறையா?"

"கெணத்துத் தண்ணிக்கு முறை வைப்போம்ல, அப்பிடித்தான். லோடு ஏத்துற வரைக்கும் எம் போன்ல ஓடும். பெறகு மோட்டார் ரூம்ல அப்பா போன்ல ஓடும். அந்த 'இருக்கீங்களா'ன்னு கேக்குற பட்டன அப்பா ஒருதரங்கூட விட்டதில்ல."

எங்கள் பக்கம் கூட்டுக் கிணற்றில் முறை என்பது சாமானியப்பட்ட விஷயம் இல்லை. பங்காளிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தாலும் முறை மாறாது. காய்ச்சலில் படுத்தவனுடைய முறைக்கு அண்ணன் போய் மோட்டாரைப் போடுவான், பக்கத்துக் காட்டுக்காரனும் போடுவான். தண்ணீர் பாய்ந்தால் சரி, யார் பாய்ச்சியது என்று பயிர் கேட்காது. அந்த நியாயத்தைப் படிப்புக்கும் வைத்துவிட்டார்கள். ஒரு குடும்பமே சேர்ந்து ஒருத்தியின் வகுப்புக்கு ஒழுங்காகப் போய் வந்திருக்கிறது, அவளைத் தவிர.

பின்னாலிருந்து வளர்மதியின் மாமனார் குரல் கேட்டது. "தம்பி, அந்த வீடியோல வார வாத்தியாரம்மா தங்கமான புள்ள. நான் பட்டன அமுக்கத் தாமசமானாக்கூடக் கோவிச்சுக்காம அப்பிடியே நிக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "போன வளர்மதிகிட்டக் குடுங்க மாப்ள" என்றேன். என்னென்ன பேசினேன் என்று எழுதப்போவதில்லை. ஏமாற்றினாய், என் மானத்தை வாங்கினாய் என்பதெல்லாம் அதில் உண்டு. அவள் குறுக்கிடவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தினபோதுதான் பேசினாள்.

"முடிச்சிட்டியாண்ணே? இப்ப நான் ஒண்ணு கேக்கவா? நீ இம்புட்டு நாளாப் பாத்தது எம் படிப்பையா, அந்தப் பச்சையவா?"

திறந்திருந்த பட்டியலை மூடினேன்.

"எங் கல்யாணத்தப்ப ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ. அன்னைக்குக் கேக்காததுக்கெல்லாம் இப்பச் சேத்து வச்சு தெனமும் கேக்குற. நான் அதுக்கும் சேத்துப் பதில் சொல்லணும்னா எப்பிடிண்ணே?"

அவள் குரல் உடைந்திருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். உடையவில்லை.

"வீடியோவ ஓட விட்டது தப்புதான். எனக்குத் தெரிஞ்சேதான் நடந்துச்சு. பெயிலும் நாந்தான். பாஸ்வேர்ட மாத்திட்டேன். இனிமே பாஸானாலும் பெயிலானாலும் நானே ஒனக்குச் சொல்றேன். வையிறேன்."

வைத்துவிட்டாள். கதிர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். இந்த முறை ஆங்கிலத்தில், என் பாஸ்வேர்டு உங்களிடம் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன் அப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அதில் கேலி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

5

அடுத்த பல மாதங்கள் எனக்கு நரகம். சாப்பாட்டு நேரம் வரும், போனை எடுப்பேன், வைப்பேன். பேசினால் படிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவாள். மழை இல்லை, வண்டி டயர் மாற்றினோம், மாமாவுக்கு முட்டிவலி. நான் ஒரு முறை நைசாக, "அப்புறம், வேற என்ன?" என்றேன். "வேற ஒண்ணுமில்லண்ணே" என்று சிரித்தாள். ஏமாந்தவன் மாதிரி நானும் சிரித்தேன்.

நடுவில் இரண்டு வாரம் ஊருக்குப் போனேன். விமான நிலையத்துக்கு மாப்பிள்ளை லோடு வண்டியோடு வந்திருந்தார். திருமங்கலம் தாண்டி மேற்கே திரும்பினதும், வாயை அடக்க முடியாமல், "மாப்ள, படிக்கிறாளா?" என்று கேட்டேன்.

"அத மட்டும் எங்கிட்டக் கேக்காதீக மச்சான். வீட்ல யாரும் கேக்குறதில்ல. உத்தரவு" என்றார். பிறகு அவரே, "ஓவர்டைம வாரத்துக்கு ரெண்டு நாளாக் கொறச்சுக்கிட்டா. மொதலாளிகிட்ட அவளே போய்ப் பேசினா. நான் வந்து பேசவான்னு கேட்டதுக்கு, வேண்டாம்னுட்டா" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைக் கவனித்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் வேனிலிருந்து இறங்கி வந்தாள். கைகால் கழுவி, காப்பி குடித்துவிட்டு, சமையலறை மேடையில் மூன்று பிளாஸ்டிக் ட்ரேயை வரிசையாக வைத்தாள். பச்சை, மஞ்சள், சிவப்பு. கம்பெனியில் விரிசல் விட்டுக் கழித்தவை. கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். அங்கே நல்ல வாசர் பச்சை ட்ரேக்குப் போகும். விளிம்பில் பிசிறு இருந்தால் மஞ்சள். சரிசெய்து திரும்பப் பார்க்க வேண்டும். ஓட்டை, வெடிப்பு என்றால் சிவப்பு.

வீட்டு ட்ரேக்களில் வாசர் இல்லை. துண்டுச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் பாடத்திலிருந்து ஒரு தலைப்பு. ஒரு சீட்டை எடுப்பாள், கவிழ்த்து வைப்பாள், வெங்காயம் உரித்துக்கொண்டே அதைத் தமிழில் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். பார்க்காமல் முழுதும் சொல்ல வந்தால் பச்சை. திக்கினால் மஞ்சள். வரவேயில்லை என்றால் சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை சிவப்பை மட்டும் கொட்டி, அந்தப் பாடங்களின் வீடியோவைத் திரும்பப் பார்க்கிறாள். பச்சையும் நிரந்தரம் இல்லை. மாதம் ஒரு முறை அதிலிருந்து கைக்கு வந்த பத்துச் சீட்டை உருவிச் சோதிக்கிறாள். ஆயிரம் வாசரையும் பார்க்க முடியாது, பத்தை எடுத்துப் பார்த்து மூட்டையை முடிவுசெய்கிறோம் இல்லையா, அதுதான் புள்ளியியலில் மூன்றாவது யூனிட் என்றாள். "தெனமும் கையால செஞ்சதத்தான் அதுல இங்கிலீஷ்ல சொல்றாகண்ணே. அது தெரியாம பெயிலாயிட்டேன்."

எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிற படம் நினைவுக்கு வந்தது. அதைப் பார்க்காமலே இவள் அத்தனையையும் செய்துகொண்டிருந்தாள். நான் அனுப்பிய கால அட்டவணை எங்கே என்று கண்ணால் தேடினேன். அரிசி டப்பாவுக்கு அடியில் விரித்திருந்தது.

சிவப்பு ட்ரேயை எட்டிப் பார்த்தேன். நிறையச் சீட்டு. பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. பேசக் கூடாது என்று எவ்வளவோ நினைத்தேன்.

"வளரு, இம்புட்டு செவப்பா?"

அவள் கோபப்படவில்லை. வெங்காயத்தை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"எங்க கம்பெனில ஒரு புள்ள புதுசா வந்துச்சுண்ணே. மொத நாளு சாயங்காலம் பாத்தா அதோட செவப்பு ட்ரேல ஒண்ணுமே இல்ல. அம்புட்டும் பச்சை. மொதலாளி பாராட்டுவாருன்னு நெனச்சிருக்கு. அவரு எங்கிட்ட வந்து, வளர்மதி, அந்த மூட்டைய அவுத்து நீ திரும்பப் பாருன்னாரு. செவப்புல ஒண்ணும் விழலைன்னா சரக்கு நல்லாருக்குன்னு அர்த்தமில்ல. அது பாக்கவே இல்லைன்னு அர்த்தம்."

பத்து வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். முழுப் பச்சையைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்தச் சமையலறையில், வெங்காய நெடியில் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முழுக்க வெங்காயம் என்று சொல்ல மாட்டேன். ஒரு பொறாமைகூட இருந்தது. என் மகனுக்கோ எனக்கோ இவ்வளவு தைரியமாகத் தன் சிவப்பைத் தானே எண்ணத் தெரியாது.

மாமனார் வாசலில் இருந்து, "அந்த வாத்தியாரம்மாவ இப்பல்லாம் எனக்குக் காட்ட மாட்டேங்கிறியேம்மா" என்று குறைப்பட்டார். "ஞாயித்துக்கெழம வாங்க மாமா, சேந்து பாப்போம்" என்றாள் இவள்.

6

பரீட்சை நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்தது. மாப்பிள்ளை லோடு வண்டியிலேயே கூட்டிப் போனார். அன்று நான் ஆக்லாந்தில் அலுவலகத்தில் இருந்தேன். நாலு மாணவர்களுக்குப் போன் போட்டேன். நாலு பேரிடமும், சரி, உங்களுக்கு எது புரியவில்லை என்று மட்டும் கேட்டேன். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. ஒரு பெண், மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறவள், அரை மணி நேரம் பேசினாள்.

பரீட்சை எப்படி எழுதினாய் என்று வளர்மதியிடம் கேட்கவில்லை. அதற்கு நான் எவ்வளவு பாடுபட்டேன் என்பது என் மனைவிக்குத் தெரியும். கதிரின் மதிப்பெண்ணையும் கேட்பதில்லை. கதவு சாத்தியே இருக்கிறது. சாப்பிடக் கூப்பிட்டால் முன்னைவிடக் கொஞ்சம் சீக்கிரம் வருகிறான், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். போன மாதம் ஒரு நாள், "அத்தைக்கு ரிசல்ட் எப்ப?" என்று கேட்டான். தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

மூன்று வாரத்துக்கு முன்னால், சாப்பாட்டு அறையில் டப்பாவைத் திறக்கிறேன், போன் வந்தது. வேனிலிருந்து அவள். பின்னால் பெண்கள் ஒரே கூச்சல். யாரோ கை தட்டுகிறார்கள்.

"அண்ணே, பாஸ்."

"ரெண்டுமா?"

"ரெண்டும். மூணாம் வருஷத்துக்குப் போயிட்டேன்."

டப்பாவை மூடினேன், திறந்தேன். அப்புறம் வாயில் வந்தது பழைய வாய்தான்.

"மார்க்கு எம்புட்டு வளரு? புள்ளியியல்ல எம்புட்டு?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அவள் கல்யாணத்துக்குப் பிறகு கேட்டதாக ஞாபகம் இல்லை.

"அது எனக்குத் தெரியும்ண்ணே. ஒனக்குப் பாஸ் போதும். கப்பலூர் வந்துருச்சு, எறங்குறேன்."

போனை வைத்தேன். முகத்தைப் பார்த்துப் பக்கத்து மேஜைக்காரர் என்ன ஆயிற்று என்று கேட்டார். என் தங்கை பாஸாகிவிட்டாள் என்றேன். அறையில் இருந்த எல்லோரும் எழுந்து வந்து கை குலுக்கினார்கள். மேலாளர் அம்மாள், எத்தனை மதிப்பெண் என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன். "என்னிடம் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள்."

என் தங்கையைப் பற்றி நான் எத்தனையோ பேரிடம் எத்தனையோ பீற்றிக்கொண்டிருக்கிறேன். இதைச் சொன்னபோது இருந்த பெருமை அதில் எதற்கும் இருந்ததில்லை.